பனியூரில் ஆங்கில உபாத்தியாயர்



அயல்நாட்டில் உத்தியோகம் விழையும் நம் வாலிபர்க்குப் பயன்படுமென எண்ணி, ஜப்பானில் ஆங்கிலம் போதிக்கும் அந்நியரின் வாழ்வைக் குறித்துச் சில கூறத் துணிந்தோம்.

1987-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசாங்கத்தார் அயல்நாட்டினரை அழைத்துப் பாடசாலைகளில் துணையுபாத்தியாயராக அமர்த்தி வருகின்றனர். சிலர்க்கு நீகாத்தா மாகாணத்துத் தோக்காமாச்சி போன்ற ஊர்கள் வாய்க்கின்றன. சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை முகந்து மலைகளில் மோதுதலால், அங்கே வெண்பனி ஆளுயரத்திற்கு மேலும் குவிவதுண்டு. வீதியிற் பதித்த குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும். வாயிற்பனியையோ அவரவரே தள்ளல் வேண்டும். வீட்டினுள் மண்ணெண்ணெய்க் கணப்பே துணை.

பள்ளியில் மாணாக்கரே துடைப்பமேந்தி வகுப்பறையைப் பெருக்குவர். ஆசிரியரும் உடன் நிற்பர். அஃது அங்கே இழிவன்று. தன் வீட்டில் துடைப்பந் தொடாத நம் பிள்ளை அவ்விடத்து நாணி நிற்பான்.

கூரைப்பனி தள்ளுங்கால் வீழ்ந்து உயிர்துறப்போர் ஆண்டுதோறும் உளர்; அவருட் பலர் முதியோர். ஆதலின் அண்டைவீட்டுக் கிழவியின் வாயிலையும் தள்ளிக்கொடுக்கும் ஆசிரியனையே ஊரார் தம்மவனாகக் கொள்வர். கல்வி சம்பளம் தரும். கைவேலையே சுற்றந் தரும்.

நம் மக்களைக் கடல் கடந்து அனுப்புங்கால், பட்டத்தோடு இப்பழக்கத்தையும் கொடுத்தனுப்புவோமாக.