புற்றை அழிக்கும் ஒளி, இரைப்பையைக் காக்கும் அளவு



சிவனசமுத்திரத்து மின்சாரம் 1902-இலேயே வந்து சேர்ந்த ஊர் இந்தத் தங்கவயல். சுரங்கத்தில் இறங்கிய உங்கள் பாட்டன்மாருக்கு வெளிச்சத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்த வெளிச்சமே புற்றுநோய்க்கு மருந்தாவதையும், அப்போது இரைப்பையின் நல்ல திசுவைக் காக்கும் வழிகளையும் பற்றி இன்று பேசுகிறேன்.

1900-ஐ ஒட்டி மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரிலிருந்த நுண்ணுயிர்கள் வெளிச்சம் பட்டதும் வெகுவிரைவில் மடிவதைக் கண்டார். மருந்தும் ஒளியும் சேர்ந்து புற்றை அழிக்கும் ஒளியியக்கச் சிகிச்சைக்கு வேர் அதுதான். ஜப்பான் 1994-இல் தொடக்கநிலை இரைப்பைப் புற்றுக்கும் இதை அனுமதித்தது. போட்டோஃபிரின் என்ற மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றி, 40 முதல் 50 மணி நேரம் கழித்து, எண்டாஸ்கோப்பி குழாய் வழியே ஒளியிழையைச் செலுத்திச் சிவப்பு லேசரைப் பாய்ச்சுவார்கள். ஒளிபட்ட மருந்து திசுவிலுள்ள ஆக்சிஜனை வீரியமாக்கும். அது செல்லைக் கொல்லும். மருந்து, ஒளி, ஆக்சிஜன் மூன்றும் ஓரிடத்தில் கூடினால்தான் அழிவு. நல்ல திசுவைக் காக்கும் வழிகள் இந்த விதியிலிருந்தே பிறக்கின்றன.

இரைப்பைச் சுவரின் கனம் சில மில்லிமீட்டர்தான். சிவப்பு ஒளியும் சில மில்லிமீட்டர் ஊடுருவும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. உட்சவ்வு போனால் மீண்டும் வளரும். அடியிலுள்ள தசையும் மடிந்தால் சுவர் ஓட்டையாகலாம், தழும்பேறிச் சுருங்கலாம். தாது வெட்டிய இடத்தில் கருங்கல் சுவர் எழுப்பி மேற்பாறையைத் தாங்கிய ஊருக்கு இது புரியும்: எடுப்பதில் இருக்கும் கவனம் விட்டுவைப்பதிலும் வேண்டும்.

மருந்தைத் தேர்வதே முதல் காப்பு. லண்டன் ஆய்வாளர்கள் 1992-இல் எலியின் நலமான இரைப்பையில் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். தாலோசயனின் வகை மருந்து ஆழம்வரை சேதப்படுத்தியது. அமினோலெவுலினிக் அமிலத்திலிருந்து செல்லே உண்டாக்கிக்கொள்ளும் ஒளிமருந்து பெரும்பாலும் உட்சவ்வில் சேர்ந்தது, தசை தப்பியது.

அடுத்தது ஒளியின் அளவு. இரைப்பையில் மடிப்புகள் உண்டு, அது அசைந்துகொண்டும் இருக்கும். ஓரிடத்தில் ஒளி குவிந்து இன்னோரிடத்தில் குறையாதபடி பார்த்துக்கொள்வதில்தான் மருத்துவரின் கைத்திறன் தெரியும். விட்டுவிட்டு ஒளி பாய்ச்சினால், தீர்ந்த ஆக்சிஜன் புற்றுப் பகுதிக்குத் திரும்ப வரும். குறைந்த ஒளியிலேயே வேலை முடியலாம்.

சிகிச்சைக்குப் பிறகான காப்பு வீட்டாரின் பொறுப்பு. போட்டோஃபிரின் ஏற்றிக்கொண்டவர் குறைந்தது 30 நாள் வெயிலில் போகக்கூடாது. தோலில் பூசும் வெயில் களிம்பு இதற்கு உதவாது; அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது. முழுக்கை ஆடையும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். அதற்காக இருட்டறையில் அடைத்துவைக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் மிதமான வெளிச்சம் தோலில் தங்கிய மருந்தை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும்.

தொடக்கநிலைப் புற்றை எண்டாஸ்கோப்பி வழியே அறுத்தெடுப்பதே இன்று முதல் வழி. அது இயலாதவர்களுக்கே ஒளிச்சிகிச்சை பெரிதும் உதவும். எந்த வழியானாலும், நோய் மேலோட்டமாக இருக்கும்போதே கண்டால்தான் இரைப்பையைக் காக்க முடியும். ஆகவே தங்கவயல் மக்களிடம் என் வேண்டுகோள் இது: வாரக்கணக்கில் நீளும் வயிற்றெரிச்சல், பசியின்மை, காரணமில்லாத மெலிவு, கறுப்பு மலம் இவற்றில் எது கண்டாலும் ஜெலுசில் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். மருத்துவரிடம் போய் எண்டாஸ்கோப்பி தேவையா என்று கேளுங்கள்.