தலையைத் தூக்கினால் தொண்டை திறக்கும்

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமுகிறார்களா? "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் நழுவினால் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடலாம்.

அமெரிக்காவின் மில்வாக்கியில் மருத்துவர் ரேசா ஷேக்கர் குழுவினர் 1997-இல் ஒரு பயிற்சியைப் பற்றி எழுதினார்கள். தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்க வேண்டும். தோள் எழும்பாமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரல்களைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே, ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி 3 முறை. பிறகு 30 தடவை தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். தினம் 3 வேளை, 6 வாரம்.

கழுத்துக்கும் விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம்? குரல்வளையை மேலே இழுத்து உணவுக்குழாயின் வாசலைத் திறக்கும் தசைகள் இதில் வலுப்பெறுகின்றன. கருவி வேண்டாம், செலவும் இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. எல்லா விழுங்கல் கோளாறுக்கும் இதுவே மருந்தும் அல்ல. அதனால் நீங்களாகத் தொடங்காதீர்கள். சாப்பாட்டில் இருமும் பெரியவரை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சி தருபவரிடம் அழைத்துப் போங்கள்.