ஆறாம் ஆண்டுக்குப் பிறகு

தோட்டப் பள்ளியில் ஆறாண்டுகள் தமிழில் பயின்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் பாடங்களை மலாய்மொழியில் கற்க வேண்டியிருக்கிறது. இம்மாற்றத்திற்கு உதவவே ஓராண்டுப் புகுமுக வகுப்பு ஏற்பட்டது. ஆயினும், ஏழைப் பிள்ளைகளிற் சிலர் அங்கேயே துவண்டு, பள்ளியை விட்டு நின்றுவிடுகின்றனர்.

காரணம் மொழி மட்டுமன்று. அந்நாளில் விடியுமுன் பெற்றோர் பெரட்டுக்குப் போயினர். இந்நாளில் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போகின்றனர். பிள்ளையைக் கவனிக்க வீட்டில் ஆளில்லை.

1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இதை உணர்ந்தது. பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே போதித்தனர். பாடத்தோடு நில்லாமல், பத்துமலைக் கல்வி யாத்திரையில் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டது.

ஆசிரியர் பயிற்சியிலும் இது இடம்பெற வேண்டும். பயிற்சி ஆசிரியர் வாரம் ஒரு மாலை மாணவர் வீட்டுக்குச் செல்லட்டும். படிக்க இடமும் விளக்கும் உண்டா? தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்பவர் யார்? மலாய்மொழியில் வரும் பள்ளிக் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆளுண்டா? இம்மூன்றையும் அறிந்தவர், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லமாட்டார்.

ஆறாம் ஆண்டு முடிந்த பிறகும், ஓராண்டுக்கேனும் அப்பிள்ளையை நாம் விசாரித்து வருவோம். பள்ளியை விட்டு நிற்கும் எண்ணம் அந்த ஓராண்டிலும் எழக்கூடும்.