இடிந்த ஆலையில் எஞ்சியது என்ன?

(பாறசாலையில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் நமக்கு ஓய்வு ஒரே நாள். அதையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிருந்து பஸ் ஏறி நெய்யாற்றின்கரையைத் தாண்டினால் பாலராமபுரம். அங்கே தறி நெய்யும் சாலியர்கள் யார்? பாலராமவர்மா மகாராஜா காலத்தில், 1798-க்கும் 1810-க்கும் இடையே, தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் சந்ததியினர். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை பிறக்கும் முன்பே நம்மவர் பிழைப்புத் தேடி இங்கு வந்தாயிற்று. ஆகவே வந்தது குற்றமல்ல. வந்த இடத்தில் ஒற்றுமையாக நிற்கிறோமா என்பதே கேள்வி.

இதற்குப் பதிலை நான் ஒரு பாழடைந்த ஆலையில் கண்டேன். சென்னை பெரம்பூரில் இருந்த பின்னி ஆலை அது. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு மில்கள். ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்த இடம். 1996-ல் மூடிவிட்டார்கள். 2010-ல் நான் உள்ளே போனபோது தறி ஓடிய கூடங்களில் தறி இல்லை. கூரை ஓட்டை வழியே வெயில். சுவர் வெடிப்பில் அரசமரக் கன்று. ஒரு பக்கம் சினிமாக்காரர்கள் போட்ட அட்டைச் சுவர். பின்னர் அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின.

அப்படியானால் தொழிலாளிக்கு எஞ்சியது ஒன்றுமில்லையா? உண்டு!

1918 ஏப்ரல் 27-ல் இந்த ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். அவர்கள் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சோற்றுக்கு அரைமணி போதாது, நாற்பது நிமிஷம் வேண்டும் என்பது! கல் சுமந்த கையைக் கழுவி, சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மேஸ்திரியின் குரல் கேட்கும் நமக்கு அந்தப் பத்து நிமிஷத்தின் அருமை தெரியும்.

1920-ல் கம்பெனி கோர்ட்டுக்குப் போய் வாடியாவுக்குத் தடை வாங்கியது. நஷ்டஈடும் கேட்டது. சங்கத்தை விட்டு விலகினால்தான் வழக்கு வாபஸ் என்றது. அவரும் விலக நேர்ந்தது. சங்கம் நடத்துவதே இப்படிக் கோர்ட்டு வழக்காகிவிடுமா என்று நாடு கேட்டது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அது தொழில் உறவுத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் சங்கம் சேரும் உரிமை நிற்கிறது. பின்னியின் செங்கல் போயிற்று. தொழிலாளி வென்றது போகவில்லை.

தோற்றதையும் சொல்ல வேண்டும். 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலகம் மூண்டது, அவர்கள் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, வேலைநிறுத்தம் முறிந்தது. அவர்களைக் கருங்காலி என்று ஏசுவது சுலபம். தெருவில் ஒதுக்கி வைக்கப்பட்டவன், பட்டினி கிடக்க மட்டும் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்றால் எப்படி வருவான்? ஆலையின் சுவரில் விழுந்த வெடிப்பை நான் 2010-ல் பார்த்தேன். தொழிலாளர் நடுவே அது 1921-லேயே விழுந்துவிட்டது!

தோழர்களே, இங்கே நம்மிடமும் அந்த வெடிப்பு உண்டு. வாடகை லைன் வீட்டுக் குழாயடியில் சாதி கேட்கிறோம். கூட வேலை செய்யும் மலையாளித் தொழிலாளியை அந்நியன் என்கிறோம். வங்காளத்துப் பையன் குறைந்த கூலிக்கு வந்தால் அவனை வைகிறோம். அந்தக் கூலியை நிர்ணயித்தவனை வைவதில்லை.

மூன்று காரியம் செய்யுங்கள். வேலை செய்த நாளையும் வாங்கிய கூலியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பி.எஃப். பிடித்தால் உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எந்த மொழிக்காரன் ஆனாலும் பக்கத்தில் வேலை செய்பவனைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.

கட்டடம் முதலாளியோடு போகும். ஒற்றுமை நம்மோடு இருக்கட்டும்.