திஸ்ஸ பாலசூரிய அடிகளார்: கேள்வி கேட்ட ஒரு கல்விமான்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



இந்த நாட்டுக் கல்விமான் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டார்கள். நான் சொன்ன பெயரைக் கேட்டதும் குழுவிலிருந்த தங்கச்சி ஒருத்தி சிரித்துவிட்டாள். "என்ன ராத்தா, நம்மட ஆக்கள்ள ஒருத்தரும் கிடைக்கல்லியா? கத்தோலிக்கச் சாமியாரப் பத்தியா பேசப் போறீங்க?" என்றாள். அவள் கேட்டதில் பிழையில்லை. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அவருடைய வரலாற்றுக்குப் போக வேண்டும்.

1997ஆம் ஆண்டு தை மாதம். நான் அப்போது வெளியூர்ப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் கலிலியோ. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக அவர் விசாரணைக்கு உட்பட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். "டீச்சர், இப்பவும் அப்படித் தண்டிக்கிறாங்களா? கொழும்பில ஒரு ஃபாதர, புத்தகம் எழுதினத்துக்காக வெலக்கிட்டாங்களாம். ரேடியோவில சொன்னாங்க" என்றாள்.

எனக்கு அந்தச் செய்தி முழுமையாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. "பாடத்தில இல்லாததக் கேக்காத. இரி புள்ள" என்றேன். அவள் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவள் எழும்பவே இல்லை. சாதாரண தரத்தோடு அவளுடைய படிப்பும் நின்றது. அதற்கு வீட்டில் வேறு காரணங்கள் இருந்தன. என் அதட்டல் காரணமில்லை என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் "இரி" என்ற அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அவள் கேட்ட அந்த "ஃபாதர்" திஸ்ஸ பாலசூரிய அடிகளார்.

அவர் 1924இல் வடமத்திய மாகாணத்தின் கஹட்டகஸ்திகிலியவில் பிறந்தார். நீர்கொழும்பு, யாழ்ப்பாணம், கொழும்பு என மூன்று ஊர்களில் படித்தார். யாழ்ப்பாணத்தில் அவர் படித்தது புனித பத்திரிசியார் கல்லூரியில். சிங்களக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் யாழ்ப்பாணத்தில் படிப்பது அந்தக் காலத்தில் நடக்கக்கூடிய காரியமாக இருந்தது. இன்றைய மாணவிகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த பாடம் பொருளியல். பட்டம் பெற்ற பின் அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்தார். றோமாபுரியின் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் இறையியலும் படித்து 1952இல் குருவானவரானார். பின்னர் ஒக்ஸ்போர்டில் விவசாயப் பொருளியலும், பாரிஸில் மறுபடி இறையியலும் படித்தார். இறையியல் படித்தவர் நெல் விலையையும் காணிப் பங்கீட்டையும் ஏன் படித்தார் என்று கேட்கத் தோன்றும். அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அமைந்தது. இறைவனைப் பற்றிப் பேசுகிறவர் மனிதரின் அடுப்பில் என்ன வேகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நம்முடைய வயல்காரக் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1954இல் பீற்றர் பிள்ளை அடிகளார் கொழும்பில் அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியைத் தொடங்கினார். பாலசூரிய அடிகளார் அதில் அவருக்குத் துணையாக நின்றார். 1964இல் அந்தக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு இவரிடம் வந்தது. பெரிய பதவி, நல்ல மதிப்பு. அப்படியே இருந்திருந்தால் ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு வழியனுப்பியிருப்பார்கள்.

ஆனால் 1971 வந்தது. அந்த ஆண்டு சித்திரை மாதக் கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டார்கள். இலவசக் கல்வியில் படித்தும் வேலை கிடைக்காத கிராமத்துப் பிள்ளைகள் அவர்களில் பலர். அதே ஆண்டில் அவர் கல்லூரித் தலைமையை விட்டு இறங்கினார். கொழும்பு மருதானையில் சமூக, சமய நிலையம் ஒன்றை அமைத்தார். ஆய்வு, கருத்தரங்கு, வெளியீடு ஆகியவைதான் அங்கு வேலை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நிலை, நாட்டின் கடன், இனப் பிரச்சினை என்று எல்லாம் அங்கே பேசுபொருளாயின. பல சமயத்தவரும் ஒரே மேசையில் இருந்து பேசினார்கள்.

1976இல் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க இறையியலாளர்கள் கூடி, மூன்றாம் உலக இறையியலாளர் ஒன்றியத்தைத் தொடங்கினார்கள். ஊரின் பெயர் நமக்கு அந்நியமானதல்ல. தாருஸ் ஸலாம், அமைதியின் இல்லம். அதைத் தொடங்கியவர்களில் பாலசூரிய அடிகளாரும் ஒருவர். ஐரோப்பாவில் எழுதப்பட்ட இறையியலை மனனம் செய்தால் போதாது, எங்கள் ஊர்ப் பசியிலிருந்தும் எங்கள் அயலவரின் சமயங்களிலிருந்தும் நாங்களே சிந்திக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு.

அடுத்த ஆண்டு, நற்கருணையும் மனித விடுதலையும் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். கோயிலுக்குள் ஒரே அப்பத்தைப் பகிர்ந்து உண்பவர்கள் வெளியே வந்ததும் ஏன் பகிர்வதில்லை என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி. இதை வாசித்தபோது நான் எங்கள் பள்ளிவாசலை நினைத்தேன். ஒரே சஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறோம். ஸலாம் கொடுத்து எழும்பியதும் யார் மாடி வீட்டுக்காரர், யார் கூலிக்காரர் என்பது திரும்பி வந்துவிடுகிறது. அவர் தன் வீட்டை நோக்கிக் கேட்ட கேள்வி என் வீட்டுக் கதவையும் தட்டியது.

இனி, அந்தப் புத்தகத்துக்கு வருவோம். "மரியாளும் மனித விடுதலையும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் வந்த நூல் அது. வெளியான ஆண்டு 1990. அந்த ஆண்டை இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டோம். அந்த ஆண்டு கோடையில் முஸ்லிம் தாய்மாரும் தமிழ்த் தாய்மாரும் இங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். தெற்கே அதற்கு முந்திய ஆண்டுகளில் சிங்களத் தாய்மார் பறிகொடுத்திருந்தார்கள். மகனை இழந்த ஒரு தாயைப் பற்றிய நூல் அப்படிப்பட்ட காலத்தில் வந்தது.

அன்று அந்தப் பிள்ளையை அதட்டிய பிறகு, எனக்குத் தெரிந்த அருட்சகோதரி ஒருவரிடம் போய் விசாரித்தேன். சில நாள் கழித்து, பிரவுண் பேப்பர் உறை போட்ட அந்த நூலை என் கையில் தந்தார். "நான் இதுக்கு ஆம் எண்டும் சொல்லல்ல, இல்லை எண்டும் சொல்லல்ல. வாசிச்சிட்டுத் திருப்பித் தாங்க, டீச்சர்" என்றார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன்.

மரியாளைப் பணிவும் மௌனமும் உடைய பதுமையாகவே காலங்காலமாகக் காட்டிவிட்டார்கள் என்கிறார் அடிகளார். அவர் காட்டும் மரியாள் ஏழை, உழைக்கும் பெண், ஆபத்துக்கு அஞ்சிப் பிள்ளையோடு பிறநாட்டுக்கு ஓடியவர், அதிகாரத்தை எதிர்த்த மகனுக்குத் துணை நின்று அவனுடைய மரணத்தைக் கண்ணால் கண்டவர். அப்படி மன உறுதி கொண்ட ஒரு பெண்ணை, பெண்களை அடக்கி வைப்பதற்கு உதாரணமாக்கலாமா என்று கேட்கிறார்.

எனக்கு என் மூத்தம்மா நினைவுக்கு வந்தா. மருதமுனையில் தறியில் இருந்தபடியே எங்களுக்கு மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் கதையைச் சொன்னவ அவதான். திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர். அவருடைய பெயரிலேயே ஒரு சூரா இருக்கிறது. துணைக்கு யாருமில்லாமல் பேரீச்ச மரத்தடியில் வலி பட்டவர்; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பழி சொல்லக் காத்திருந்த ஊருக்குத் திரும்பி வந்தவர். இந்தக் கதையை நூறு தடவை கேட்ட நான், அந்தத் திரும்பி வந்த துணிச்சலை ஒரு கத்தோலிக்கக் குருவானவரின் நூலை வாசித்த பிறகுதான் கவனித்தேன்.

அந்த நூலின் மற்றப் பகுதிகளில்தான் சிக்கல் எழுந்தது. ஜென்மப் பாவம், மரியாளைப் பற்றிய திருச்சபைக் கோட்பாடுகள், திருச்சபையின் போதிக்கும் அதிகாரம் ஆகியவற்றையும் அவர் கேள்விக்கு உட்படுத்தினார். நூல் விசுவாசத்துக்கு முரணானது என்று 1994இல் இலங்கை ஆயர்கள் அறிவித்தார்கள். கர்தினால் ஜோசப் ராட்சிங்கர் தலைமையிலிருந்த வத்திக்கான் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் நூலைப் பற்றிய தன் குறிப்புகளை அனுப்பியது. தாம் சொன்னதைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்று 55 பக்கத்தில் பதில் எழுதினார் அடிகளார். தனியாக ஒரு விசுவாச அறிக்கையைத் தயாரித்து அனுப்பிக் கையொப்பமிடச் சொன்னார்கள். பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்பதும் அதில் அடங்கியிருந்தது. அவர் அதற்குப் பதிலாக, 1968இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட விசுவாச அறிக்கையில், தம் சார்பில் ஒரு விளக்க வாசகத்தையும் சேர்த்துக் கையொப்பமிட்டார். அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 1997 ஜனவரி 2ஆம் திகதியிட்ட அறிவிப்பின்படி அவர் சபையிலிருந்து விலக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 72.

இதில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது அவர்களுடைய வீட்டு விவகாரம். ஒரு சமயத்துக்குத் தன் அடிப்படை நம்பிக்கைகளைக் காக்கும் பொறுப்பு உண்டு என்பதையும் நான் ஏற்கிறேன். நம் வீட்டில் அப்படி ஒரு நூல் வந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்பதை அவரவர் மனத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

என்னைத் தொட்டது அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதம். விலக்கியதும் கோபித்துக்கொண்டு வேறு திருச்சபைக்குப் போகவில்லை. குருத்துவத்தை உதறவில்லை. தாம் கத்தோலிக்கரே என்று சொல்லிக்கொண்டு அதே நிலையத்தில் அதே வேலையைச் செய்தார். உலகின் பல பக்கத்திலிருந்தும் அவருக்காகக் குரல் எழும்பியது. ஓராண்டுக்குப் பின், 1998 ஜனவரி 15ஆம் திகதி சமரசம் ஏற்பட்டது. தாம் முன்பு சேர்த்த வாசகம் இல்லாமல் அந்தப் பழைய விசுவாச அறிக்கையில் கையொப்பமிட்டார். நேர்ந்த மனத்தாக்கத்துக்கு வருத்தம் தெரிவித்தார். இனி எழுதுவதை ஆயர்களின் அனுமதிக்கு வைப்பதாகவும் ஒப்புக்கொண்டார். விலக்கு நீங்கியது. பணிந்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள், வென்றுவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு இரண்டு சொல்லும் பொருந்துவதாகத் தெரியவில்லை. வாசலில் விட்ட பிள்ளை வாசலிலேயே இருந்து, கதவு திறந்ததும் உள்ளே போனது என்றுதான் சொல்வேன். 2013 ஜனவரி 17ஆம் திகதி, 88ஆவது வயதில், குருவானவராகவே காலமானார்.

மாணவிகளே, கற்றவர்களைக் "கல்வி கேள்விகளில் சிறந்தவர்" என்று சொல்வது நம் வழக்கம். அங்கே கேள்வி என்றால் பெரியவர்களிடம் கேட்டு அறிந்துகொள்வது. கேட்பவர் வாய் திறக்காமல் அதுவும் நடக்காது. நீங்கள் கேள்வி கேட்பதால் உங்கள் மார்க்கத்துக்கோ குடும்பத்துக்கோ பகையாளியாகிவிட மாட்டீர்கள். ஆனால் கேட்கிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது. பாலசூரிய அடிகளார் அந்தக் குறிப்புகளுக்கு 55 பக்கம் எழுதினார். அவ்வளவு எழுதுவதற்கு எவ்வளவு வாசித்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வாசிக்காமல் கேட்பது வாய்க்காரத்தனம். வாசித்துவிட்டுக் கேட்பதுதான் கல்வி.

ஆசிரியைகளுக்கும் தாய்மாருக்கும் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. என்றாலும் சொல்கிறேன். பிள்ளை எழும்பி நின்றால் "இரி" என்று சொல்லாதீர்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். எனக்கு அந்தப் பதிலைச் சொல்ல இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

அந்த நூலை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இடமாற்றம் பெற்றுப் போன அருட்சகோதரியைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் 2004 டிசம்பர் 26 வந்தது. வீட்டோடு அலுமாரியும், அலுமாரியோடு அந்தப் பிரவுண் உறை நூலும் கடலில் போய்விட்டன. அந்தக் கடனுக்காக இன்று ஒரு சிறு காரியம் செய்கிறேன். நம் நூலகத்துக்கு ஒரு தடித்த கொப்பி கொண்டுவந்திருக்கிறேன். வகுப்பில் கேட்கத் தயங்கும் கேள்வியை எந்தப் பிள்ளையும் பெயர் போடாமல் இதில் எழுதலாம். பழைய மாணவியரில் வைத்தியர்கள் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், மௌலவியாக்கள் இருக்கிறீர்கள், அருட்சகோதரிகள் இருக்கிறீர்கள். மாதம் ஒரு தடவை யாராவது வந்து பதில் எழுதுங்கள்.

முதல் பக்கத்தில் ஒரு கேள்வியை நானே எழுதியிருக்கிறேன். கலிலியோ பாடத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி அது. அதன் கீழே இந்த உரையை ஒட்டிவைக்கிறேன். அவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.