வில்வண்டியும் புல்லட்டும்
(புதுக்கடை இளைஞர் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, பொன்முடிக்கு பைக்கில் போகாதவர்கள் இங்கே குறைவு. நானும் நண்பர்களோடு போயிருக்கிறேன். 22 கொண்டை ஊசி வளைவு, மேலே பனி, கட்டன் சாயா. வழியில் நெடுமங்காடு வரும். யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. அந்தச் சந்தைக்குள் நுழையும் உரிமைக்காக 1912இல் தலித் மக்களைத் திரட்டிப் போனவர் அய்யன்காளி.

அதற்கும் முன்பே, 1893இல், வெங்ஙானூரில் வில்வண்டி ஒன்று வாங்கி, மாடுகளுக்கு மணி கட்டி, புலையர் கால் வைக்கக் கூடாத பொதுச்சாலையில் ஓட்டினார். மறித்தார்கள், அவர் திரும்பவில்லை. அப்போது நம்ம புதுக்கடையும் அதே திருவிதாங்கூர்தான்.

நடந்தே போயிருக்கலாமே, வண்டி எதற்கு? உட்கார்ந்து, தலை நிமிர்ந்து, மணிச்சத்தத்தோடு வருவதைத்தான் ஆதிக்கச் சாதியால் தாங்க முடியாது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இன்றைக்கு மட்டும் தாங்குகிறதா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்பது குடும்பத்தின் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் மூவர் கைது. ஆக்சிலேட்டர் முறுக்குகிற கை, தோழர்களே.

அவர் மறுபடி அதே தெருவில் வண்டி எடுக்கும் நாளில், கூப்பிட்டால், பின்னால் நாம் பத்து வண்டி போவோமா? இங்கிருந்து ஒரு பகல் ஓட்டம். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.