இக்கரைக்கு அக்கரை பச்சையா?

(தலவாக்கலையில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் மாதாந்தக் கூட்டத்தில் எமது ஆசிரியர் தோழர் ஆற்றிய உரை)



இன்று ஞாயிற்றுக்கிழமை. கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்தால் நாலு காசு கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நேரத்தை வீணாக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

சென்ற தவணையில் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: “டீச்சர், இந்தியா நல்ல நாடா, நம்ம நாடு நல்ல நாடா?” ஏன் கேட்கிறாய் என்றோம். அந்தப் பிள்ளையின் அப்பாயியுடைய தங்கச்சி கோத்தகிரியில் இருக்கிறாராம். வட்ஸ்அப்பில் பேசும்போது வீட்டைச் சுற்றிக் காட்டினாராம். அங்கே அரிசி சும்மா கொடுக்கிறார்களாம். அன்று இரவு லயத்தில் ஒரே சண்டை. “அன்னைக்கே நாமளும் கப்பல் ஏறியிருக்கணும்” என்று அப்பா சொல்ல, “போனவங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமா?” என்று அப்பாயி அழுதாராம்.

இந்தச் சண்டை அந்த ஒரு காம்பராவில் மட்டும் நடப்பதில்லை. எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது, உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். அதைத்தான் இன்று கொஞ்சம் நிதானமாகப் பேசிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் பழைய கதை. இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1947 தேர்தலில் நம் மக்களின் பிரதிநிதிகள் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நமது தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த ஆண்டே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நம்மில் பெரும்பாலானோர் ஒரே நாளில் நாடற்றவர்களாகிப் போனோம். அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் இந்த மலைகளில் இருந்து வாக்களித்து அனுப்ப நம்மவர் ஒருவரும் இல்லை. தேர்தலில் நின்று வென்று நம்மவர் ஒருவர் மறுபடி பாராளுமன்றம் போனது 1977இல்தான்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 975,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுபதுகளின் பஞ்சத்தில் மரவள்ளியும் இலையும் தின்று உயிர் பிடித்தவர்கள் பலர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு 1977 வன்செயல், 1983 வன்செயல். நானுஓயாவிலும் தலவாக்கலையிலும் அட்டனிலும் சனம் ஏறிய கோச்சிக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அக்காவை ஏற்றிவிட்டுத் தங்கச்சி நின்றாள். மகனை அனுப்பிவிட்டு அம்மா நின்றாள். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது, கடவுச்சீட்டு எடுத்து வைத்தவர்களும் இங்கேயே நின்றுபோனார்கள். ஆக, போனவர் இந்தியாவைத் தெரிந்தெடுத்துப் போனார், நின்றவர் இலங்கையைத் தெரிந்தெடுத்து நின்றார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது போனவர்களின் கதைக்கு வருவோம். போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் நாலு பேர் நீலகிரிக்குப் போய் வந்தோம். கோத்தகிரியில் இரண்டு நாள், கூடலூர்ப் பக்கம் மூன்று நாள். அதே பனி, அதே தேயிலை, அதே மாரியம்மன் கோவில். பேச்சும் நம்ம பேச்சு. கிழவிகள் இன்னும் ‘கோச்சி’ என்றே சொல்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்வோம். அங்கே போனவர்கள் இந்தியப் பிரஜைகளாகவே போய் இறங்கினார்கள். நாம் இங்கே நாடற்றவர் என்று நின்ற காலத்தில் அவர்கள் கையில் வாக்குச் சீட்டு இருந்தது. ரேஷன் அட்டைக்கு அரிசி 2011 முதல் இலவசம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு மதிய உணவு. 2023 செப்டம்பரில், தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அவள் பெயரிலேயே வங்கிக்கு வரத் தொடங்கியது. 2022இல் இங்கே நாம் ஒரு வேளை ரொட்டியோடு படுத்ததை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டம்பரில் நம் நாட்டில் சாப்பாட்டுச் சாமான் விலை முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நேரம் ரேஷன் அரிசி மட்டும் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் பாடசாலைக்கு வெறும் வயிற்றோடு வராமல் இருந்திருப்பார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இங்கே உள்ள நல்லதையும் மறைக்கக் கூடாது. வைத்தியசாலைக்குப் போனால் இங்கே காசு இல்லை. முதலாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை படிப்புக்கும் காசு இல்லை. தோட்டப் பாடசாலைகளை எழுபதுகளில்தான் அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது. நமக்கு அது பிந்தித்தான் வந்தது. ஆனாலும் அந்தக் கதவால் நுழைந்துதான் கொழுந்துக்காரியின் பிள்ளை ஆசிரியராக இன்று உங்கள் முன் நின்று பேச முடிகிறது. அங்கே நாங்கள் பார்த்த சொந்தக்காரர், மகளைத் தாதியர் படிப்பில் சேர்க்கத் தோட்டைக் கழற்றி அடகு வைத்திருந்தார்.

போனவர்கள் எல்லோருக்கும் தேயிலைத் தோட்டம் கிடைக்கவில்லை. வியாபாரக் கடன் என்று ஒரு தொகையைக் கொடுத்து, முன்பின் தெரியாத ஊரில் பலரை இறக்கிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் கொழுந்து எடுத்தவன் கடை நடத்துவானா? காசு கரைந்ததும் குளிர் தேடி, மலை தேடி, நீலகிரிக்கு ஏறினார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான், 1976இல் டேன்டீ என்ற கழகமானது. அங்கே வேலை கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நாம் இங்கிருந்து பேசிக்கொண்டோம். அந்தக் கழகம் நட்டத்தில் ஓடியது. 2022இல் இரண்டாயிரம் ஹெக்டேயருக்கு மேல் தேயிலை நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். நாற்பது வருடம் காட்டை வெட்டித் தேயிலை நட்ட கிழவர் எங்களிடம், “அங்கேயும் லயம் நம்மளது இல்ல, இங்கேயும் குவார்ட்டர்ஸ் நம்மளது இல்ல. அப்ப எதுக்குக் கடலைத் தாண்டி வந்தேன்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

கூடலூரில் இன்னொரு கூத்து. அங்கே ‘ஜென்மம் நிலம்’ என்று ஒரு வகை உண்டு. 1969இல் அதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். அதில் பிரிவு 17க்குள் வரும் நிலத்துக்கு இன்றுவரை முடிவு இல்லை. அதில் குடிசை போட்டுத் தேயிலை வைத்த நம்மவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கரண்டு எடுப்பதே பெரும்பாடு. இரவில் யானை வேறு.

இனி, ஆட்களின் குணத்தைப் பற்றி. ‘இந்தியாக்காரன் இப்படி, சிலோன்காரன் அப்படி’ என்று இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். இங்கே நம்மை ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதினார்கள். அங்கே அதே சனத்தைச் ‘சிலோன்காரர்’ என்கிறார்கள். சிலோன்காரர் நேரத்துக்கு வேலைக்குப் போவார்கள், ஆனால் வெள்ளந்தி, சுலபமாக ஏமாந்துவிடுவார்கள் என்பது அங்கே உள்ள பேச்சு. நூறு வருடத்துக்கு மேல் பெரட்டு மணி அடித்துப் பழக்கிய உடம்பு நேரத்துக்கு எழும்பாமல் என்ன செய்யும்? தோட்டத்துக்கு வெளியே நிலமும் இல்லை, கடையும் இல்லை, கந்தோரும் இல்லை என்று அடைத்து வைத்தவனுக்குச் சூது எங்கிருந்து வரும்?

நாங்கள் கவனித்த ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறோம். அங்கே திங்கட்கிழமை என்றால் கலெக்டர் காரியாலயத்தில் குறைதீர்க்கும் நாள். எங்கள் சித்தி, எழுதப் படிக்கத் தெரியாதவர், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி ஊட்டிக்குப் போய், வரிசையில் நின்று, முத்திரை குத்திய ரசீதை வாங்கி வருகிறார். வேலை நடக்கிறதோ இல்லையோ, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். இங்கே நாம் என்ன செய்கிறோம்? “தலைவர்கிட்ட சொல்லியாச்சு, அவர் பாத்துக்குவார்” என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். இது பயந்த சனம், அது துணிந்த சனம் என்று சொல்லலாமா? சித்தியும் நம் பாட்டியும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஒருத்திக்கு ஐம்பது வருடமாக வாக்கு இருந்தது. மற்றவளுக்கு வாக்கும் இல்லை, நாடும் இல்லை. நாடில்லாதவன் யாரையாவது பிடித்துக்கொண்டுதானே நிற்க வேண்டும்? 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால் நாடற்றவர் என்ற பெயர் போய்விட்டது. அந்தப் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

அங்கே வேறொரு கெட்ட பழக்கம் உண்டு. எதற்கெடுத்தாலும் சாதிச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சலுகை இல்லை. இலங்கையில் பிறந்த தாத்தாவுக்கு அதை எப்படி நிரூபிப்பது என்று நம்மவர்கள் தாலுகா ஒபிசுக்கு நடந்து தேய்கிறார்கள். கட்சிக்கொரு சங்கம், சாதிக்கொரு தெரு. இங்கே சங்கங்களின் எண்ணிக்கையில் நாம் அவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் லயத்தில் சாவு விழுந்தால் இருபது காம்பராவும் ஒன்றாக நிற்கும். அதை நாம் இழந்துவிடக் கூடாது.

சங்கம் என்றதும் மூணாறு நினைவுக்கு வருகிறது. 2015 செப்டம்பரில் அங்கே நம் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் இறங்கினார்கள். ‘பெண்களின் ஒற்றுமை’ என்ற அர்த்தத்தில் ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். குறைத்த போனசை இருபது வீதமாக வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த நாட்கூலி பிறகு 301 ஆனது. அவர்கள் கம்பனியை மட்டும் எதிர்க்கவில்லை. ‘இத்தனை வருடம் சந்தா வாங்கினீர்களே, எங்களுக்கு என்ன செய்தீர்கள்?’ என்று சங்கத் தலைவர்களையும் கூட்டத்துக்குள் விடாமல் துரத்தினார்கள். சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் எங்களுக்கு இதைச் சொல்லச் சுகமாக இல்லை. இருந்தாலும் சொல்கிறோம். ஆயிரம் ரூபா என்று நாம் பல வருடம் கத்தி, 2021இல் அது வந்தபோது சாமான் விலை ஏறத் தொடங்கிவிட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. ‘கிலோ கூட்டு, இல்லாவிட்டால் அரைப் பேர்’ என்று மலையில் நிற்கும்போது, அந்த 1350இல் எவ்வளவு முழுதாக வீடு வந்து சேர்ந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். மூணாற்றுப் பெண்கள் கேட்ட கேள்வியை எங்களிடமும் கேளுங்கள். அதற்குத்தான் இந்த மாதாந்தக் கூட்டம்.

கடைசியாக ஒரு விசயம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். 2020 ஓகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர் போனது. நாடு வேறு, அரசாங்கம் வேறு, கொடி வேறு. செத்தவர்கள் நம் சனம். மலைக்குக் கீழே, ஓடைக்குப் பக்கத்தில், கம்பனிக்குத் தேவையில்லாத மூலையில் கட்டிய லயத்தில் இரண்டு நாட்டிலும் நாம்தான் படுத்திருந்தோம். சொந்த நிலம் இருந்தவன் எங்கே வீடு கட்டுவது என்று தானே முடிவெடுப்பான். நமக்கு அந்த முடிவு என்றைக்கும் கையில் இருந்ததில்லை.

அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறோம். எந்த நாடு நல்லது என்று கேட்காதே. வேலையை விட்டு நின்ற அடுத்த நாள் உன் அம்மா எங்கே படுப்பாள் என்று கேள். அங்கே அதற்குப் பதில் பட்டாவில் இருக்கிறது. இங்கே காணி உறுதியில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நம்மவர் பலர் கையில் அந்தக் கடதாசி இல்லை.

ஆகவே தலைவிமாரே, தலைவர்மாரே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள். உங்கள் தோட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காதவர்கள் எத்தனை குடும்பம், மண்சரிவு அபாயம் என்று சொல்லப்பட்டும் அதே லயத்தில் இருப்பவர்கள் எத்தனை குடும்பம், பிறப்புப் பதிவோ அடையாள அட்டையோ இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று லயம் லயமாக எழுதி வாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் உயர்தரம் படிக்கும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். பிரதேச செயலகத்துக்கு நாம் எல்லோரும் சேர்ந்தே போவோம். கொடுக்கும் கடிதத்துக்குச் சித்தி வாங்கியதுபோல முத்திரை குத்திய ரசீது வாங்குவோம். ஒரு பிரதி சங்கக் காரியாலயத்தில் இருக்கட்டும், ஒரு பிரதி உங்கள் தகரப் பெட்டியில் இருக்கட்டும்.

கோத்தகிரியில் இருக்கும் தங்கச்சிக்கும் இந்தச் செய்தியை அனுப்புங்கள். அவர்கள் அங்கே பட்டாவுக்கு மனுக் கொடுக்கட்டும், நாம் இங்கே உறுதிக்குக் கொடுப்போம். யாருக்கு முதலில் கிடைக்கிறது என்று பார்ப்போம்.